பாங் என்ற பழைய டேபிள் டென்னிஸ் வீடியோ விளையாட்டில் மட்டை ஏன் திரையின் உச்சிவரை போவதில்லை?

யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. சர்க்யூட்டில் இருந்த ஒரு குறைதான் காரணம். 1972-ல் அடாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் உருவாக்கிய பாங்கில் நுண்செயலியும் கிடையாது, மென்பொருளும் கிடையாது. எல்லாமே லாஜிக் சிப்புகளைக் கோத்த சர்க்யூட். அதில் மட்டை மேல் விளிம்பை எட்டவில்லை. சரிசெய்திருக்கலாம். ஆனால் கைதேர்ந்த இரண்டு பேர் மோதினால் ஆட்டம் முடியவே முடியாதே! இடைவெளி இருந்தால் எப்படியும் ஒரு பந்து நழுவும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்திருந்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும். ஓரத்துக்குப் போகப்போகக் கோணம் கூடும். அப்புறம், இருவரும் தவறவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பந்தின் வேகமும் ஏறும்.