சரிவில் மரத்தளம்

கேள்வி: முட்டத்தில் கடலைப் பார்த்த சரிவில் வீடு. தோட்டத்தில் இரண்டு அடுக்காக மரத்தளம் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம், மண்ணைக் கொட்டிச் சமமாக்குவதைவிட அதுதான் நல்லது. ஆனால் திருகாணியில் மட்டும் காசு பார்க்காதீர்கள். உப்புக்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரமே தலை சிவந்து, தேக்குப் பலகையில் கறுப்புக் கோடாக வழியும், அப்புறம் லேசில் போகாது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், வழக்கமான 304 ரகம்கூட அங்கே துருப்புள்ளி பிடிக்கும். தூண்களை மண்ணில் புதைக்க வேண்டாம், கெட்டித்தரை வரை தோண்டி கான்கிரீட் பீடத்தின் மேல் நிறுத்துங்கள். நல்ல மழையில் ஒருநாள் குடையோடு நின்று தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள், அங்கே தூண் வரக்கூடாது. பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். கடல் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், கடலோர ஒழுங்குமுறை அனுமதி தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.