அப்பாவுக்கு இதெல்லாம் வருமா? போன்வழி மருத்துவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எழுபது கடந்த அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தேன். டாக்டரிடம் வீடியோவில் பேசக் கற்றுக்கொடுக்கப் போனால், "எனக்கு வராதும்மா, நீயே பண்ணு" என்கிறார். என்ன செய்வது? - வாசகி, திருச்சி

அப்பாவுக்கு வரும். பல வீடுகளில் பெரியவர் ஓரிடத்தில் தடுமாறியதும் பிள்ளைகள் போனை வாங்கிச் சட்டென்று முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் அவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. விரல் அவருடையதாகவே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் வழி சொல்லுங்கள்.

அதற்கு முன் போனை அவருக்கு ஏற்றபடி மாற்றுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். வயதானவர்களின் விரல் திரையில் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறெதையோ திறக்கும். அவரோ தன் தப்பு என்று நினைத்துப் போனைக் கீழே வைத்துவிடுவார். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் அந்த நேரத்தைக் கூட்டிவிடலாம். டைப் செய்ய வேண்டாம், மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். காது மந்தம் என்றால் இயர்போன் மாட்டிவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித்தர வேண்டாம். முதலில் பேரனோடு வீடியோ கால் பழகட்டும். அது கைவந்தபின் டாக்டர். படிகளை அவர் கையாலேயே நோட்டில் எழுத வையுங்கள். மறந்துபோனால் உங்களைக் கேட்கத் தயங்குபவர்கூட நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்.

நான் பெங்களூரில், அம்மா ராஜபாளையத்தில். மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் அம்மாவுக்காக நானே பேசலாமா? - வாசகர்

விதியில் இடம் இருக்கிறது. 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பராமரிப்பவர் நோயாளியின் சார்பில் பேசலாம். அதற்கு எழுத்துபூர்வ அனுமதியோ, உறவைக் காட்டும் ஆவணமோ வேண்டும்.

ஆனால் அம்மா பேசும் நிலையில் இருந்தால் அவரே பேசுவதுதான் நல்லது. ராத்திரியில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், எந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மகனிடம் இதைச் சொல்லக் கூச்சப்படும் அம்மாக்கள் நிறைய. சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, கேமரா முன் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இ-சஞ்சீவனிக்குக் கட்டணம் கிடையாது.

கேமராவில் விரல் வைத்தால் பிரஷர், சுகர் காட்டும் ஆப் ஒன்றை மாமனார் தினமும் பார்க்கிறார். நம்பலாமா? - வாசகி, நாகர்கோவில்

கூடாது. நாடித்துடிப்பை மட்டும் கேமரா ஓரளவு எண்ணும். குத்தாமலே சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆப் காட்டும் எண்ணைப் பார்த்து மாமனார் மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ விடுவாரே என்பதுதான் என் கவலை. ஆப்பை இன்றே நீக்கிவிடுங்கள்.

மேல்கையில் பட்டை கட்டும் பிரஷர் கருவி வாங்குங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சுயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து எழுதி வையுங்கள். டாக்டருக்கு உதவுவது அந்தத் தாள்தான்.

நெஞ்சுவலி வந்தால் வீடியோவில் கேட்டுவிட்டுக் கிளம்பலாமா? - வாசகர், கரூர்

வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமிழப்பு - இவற்றில் எது வந்தாலும் உடனே 108. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் அதைக் கேட்பார்கள்.

"ஆபா எண் வாங்காவிட்டால் சிகிச்சை நின்றுவிடும்" என்று போனில் மிரட்டி ஓடிபி கேட்டார்கள். - 74 வயது வாசகர், சேலம்

ஐயா, அது மோசடி. ஆபா என்பது மருத்துவ ஆவணங்களைச் சேர்த்து வைக்க உதவும் 14 இலக்க எண். விருப்பம் இருந்தால் எடுக்கலாம், காசும் கிடையாது. ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம். மருத்துவமனை பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே (போனில் ஆப்பை நிறுவும்) கோப்பு வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.