விழுந்ததைப் பார்க்காதவர்

அன்புள்ள ஐயா,

ஹோல் இன் ஒன் (முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய்விடுவது) பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், 'அதில் ஒன்பது பங்கு அதிர்ஷ்டம், ஒரு பங்கு ஆட்டம்' என்று சொல்லியிருந்தீர்கள். படித்ததும் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் முதல் ஹோல் இன் ஒன் கிடைத்தது. 148 கெஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. பந்தின் அடியில் பட வேண்டிய மட்டை அதன் மண்டையில் பட்டது. பந்து ஆள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. விர்ரென்று போய் பங்கர் என்ற மணல் பள்ளத்தின் விளிம்பில் மோதி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனை நோக்கி ஓடியது. கிரீன் மேட்டில் இருப்பதால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கிரீனுக்குப் பின்னாலிருந்த புதரில் நால்வரும் தேடினோம். கடைசியில் ஒருவர் சும்மா குழிக்குள் எட்டிப் பார்த்து, "இங்கே கிடக்கிறது" என்றார். அவ்வளவுதான். யாரும் குதிக்கவில்லை, நானும் குதிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இப்போது என் பெயர் 'மண்டையடி மன்னன்'.

அன்றைக்கே 14ஆம் குழியில் என் பந்து மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னால் தாழ்ந்த கிளை ஒன்று. 4 அயர்ன் மட்டையை எடுத்து, பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, பந்தை வலது காலுக்கு நேராக வைத்து, கிளைக்குக் கீழே தாழ்வாக அடித்தேன். நினைத்தபடியே கடைசியில் வலப்பக்கம் வளைந்து, இரண்டு முறை தத்தி, கிரீனின் முகப்பில் ஏறி நின்றது. கிரீனில் பந்தை உருட்டி விடும் அடியான புட் இரண்டு, பார். அதை யாரும் பார்க்கவில்லை. கூட வந்தவர்கள் கைபேசியில் என் ஹோல் இன் ஒன் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்விகள்: அது உண்மையிலேயே ஹோல் இன் ஒன்தானா? விழுந்த கணத்தைப் பார்க்காதவனுக்கு ஹோல் இன் ஒன்னின் சிலிர்ப்பில் பங்கு உண்டா?

பெயரை வெளியிட வேண்டாம். நண்பர்களும் உங்களைப் படிக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அட்டையில் 1 என்று எழுதுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் இடமான டீயிலிருந்து அடித்த பந்து குழிக்குள் போய்விட்டால் அந்தக் குழியின் ஆட்டம் அங்கேயே முடிந்தது. தேடுவதற்கு விதி தருவது மூன்று நிமிடம் (முன்பு ஐந்தாக இருந்தது, 2019இல் குறைத்துவிட்டார்கள்). அது தீர்ந்துபோய், பந்து தொலைந்தது என்று நினைத்து நீங்கள் வேறு பந்தை அடித்திருந்தாலும் அந்த அடி கணக்கில் வராது. மண்டையில் பட்டதா, வயிற்றில் பட்டதா என்று குறிக்க ஸ்கோர் அட்டையில் கட்டம் கிடையாது.

மனம் ஆறவில்லை என்றால் ஆண்ட்ரூ மெகீயை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஃபீனிக்ஸ் ஓப்பனில் 17ஆம் குழி, 332 கெஜம், பார் 4. முன்னால் போன குழு இன்னும் கிரீனில்தான் இருந்தது. இவர் டிரைவர் என்ற நீண்ட மட்டையால் விளாசினார். பந்து உருண்டு கிரீனுக்குள் நுழைந்து, அங்கே புட் அடிக்கக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டாம் பைரமின் புட்டரில் பட்டுத் திரும்பிக் குழிக்குள் போனது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் அதற்கு முன்பு பார் 4 குழியை யாரும் ஒரே அடியில் முடித்ததில்லை. அடுத்தவர் மட்டை செய்த உதவி என்பதற்காக அந்தச் சாதனையை யாரும் அழித்துவிடவில்லை. அதோடு பார்த்தால் உங்கள் பங்கர் விளிம்பு எவ்வளவோ கௌரவமானது.

இந்த ஆட்டம் எதிர்த்திசையிலும் அநியாயம் செய்யும். 1999 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், சாக்ராஸ் மைதானத்தின் 17ஆம் குழி. சுற்றிலும் தண்ணீர், நடுவில் கிரீன். ஃபிரெட் கப்பிள்ஸ் அடித்த முதல் பந்து தண்ணீரில் விழுந்தது. மறுபடி டீயிலிருந்தே அடித்தார். இரண்டாவது பந்து தரையைத் தொடாமல் பறந்துவந்து நேரே குழிக்குள் இறங்கியது. டீயிலிருந்து ஒரே அடி, குழிக்குள் பந்து. ஆனால் முதல் அடி ஒன்று, தண்டனை ஒன்று, இது மூன்று. அட்டையில் வெறும் பார். நீங்கள் மண்டையில் அடித்து 1 எழுதினீர்கள், அவர் அவ்வளவு அழகாக அடித்து 3 எழுதினார். (என் கதையையும் கேளுங்கள். வாழ்நாளில் நான் சுத்தமாக அடித்த 7 அயர்ன் ஒன்று நேரே கொடிக்கம்பத்தில் மோதி, இருபது அடி தள்ளிப் போய் நின்றது. அங்கிருந்து மூன்று புட். கம்பத்தில் பட்ட சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.)

'ஒன்பது பங்கு அதிர்ஷ்டம்' என்று நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் 1.68 அங்குலம். 150 கெஜத்திலிருந்து அதைக் குறிவைத்து அடிக்கிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்ந்த ஆட்டக்காரர் குறிவைப்பது ஒரு சரிவை, ஒரு திட்டை. மிச்சத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். சாதாரண ஆட்டக்காரருக்கு வாய்ப்பு 12,500இல் ஒன்று என்று வழக்கமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1989 அமெரிக்க ஓப்பனுக்கு வாருங்கள். ஓக் ஹில் மைதானம், இரண்டாம் நாள், 6ஆம் குழி. டக் வீவர், மார்க் வீப், ஜெரி பேட், நிக் பிரைஸ் ஆகிய நால்வரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஹோல் இன் ஒன் அடித்தார்கள். நால்வர் கையிலும் 7 அயர்ன். அன்று குழியைச் சரிவின் அடிவாரத்தில் வெட்டியிருந்தார்கள். கொடியைத் தாண்டி மேட்டில் விழுந்த பந்து பின்சுழற்சியோடு இறங்கிக் குழியைத் தேடி வந்தது. அந்த மேட்டில் பந்தைக் கொண்டுபோய் இறக்கியது அவர்களுடைய கை. பிறகு நடந்தது சரிவின் வேலை. ஆகவே பங்கு ஆளுக்கு ஆள், குழிக்குக் குழி மாறும். அவர்களுக்கு அதிர்ஷ்டம் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒன்பதே முக்கால். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி சிலிர்ப்புக்கு வருகிறேன். விழுந்ததைப் பார்க்கவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம். அடித்தவர் அதைக் கடைசியாகத்தான் தெரிந்துகொள்கிறார், பெரும்பாலும் அடுத்தவர் வாயிலாக. 1935இல் அகஸ்டாவில் ஜீன் சாரசன் 15ஆம் குழியில் 235 கெஜத்திலிருந்து 4 வுட்டால் அடித்த அடி கோல்ஃப் சரித்திரத்தில் மிகப் பிரபலமானது. பார் 5 குழி இரண்டே அடியில் முடிந்தது; பாருக்கு மூன்று அடி குறைவு, அதன் பெயர் ஆல்பட்ராஸ். அதுவரை மூன்று அடி முன்னிலையில் இருந்த கிரெய்க் வுட்டை அந்த ஒரே குழியில் எட்டிப் பிடித்தார், மறுநாள் சமநிலையை முறிக்க நடந்த பிளே-ஆஃபில் வென்றார். பந்து எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று அவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிரீனுக்குப் பின்னாலிருந்த சிறு கூட்டம் கத்திக்கொண்டு குதித்தது. அதிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார். 2023 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் மைக்கேல் பிளாக், கிளப்பில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர், அதே ஓக் ஹில்லின் 15ஆம் குழியில் அடித்த பந்து நேரே குழிக்குள் இறங்கியது. கூட்டம் கூரையைப் பிய்க்க, இவர் கூட ஆடிய ரோரி மெக்கில்ராயிடம் உள்ளே போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். மெக்கில்ராய் வந்து கட்டிப்பிடித்தபோதுகூட பிளாக்கின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

உங்களுக்கும் அடுத்தவர்தான் சொன்னார். சேதி கொஞ்சம் தாமதமாக, சத்தமில்லாமல் வந்தது.

ஹோல் இன் ஒன்னின் சிலிர்ப்பு அடித்த பிறகு தொடங்குகிறது. மட்டை வீசி முடியும்வரை அது மற்றொரு டீ அடி, அவ்வளவுதான். என் மனதில் தங்கிய அடிகளோ அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டவை. 1982 அமெரிக்க ஓப்பன், பெபிள் பீச், 17ஆம் குழி. ஆட்டத்தை முடித்துவிட்டு ஜாக் நிக்லஸ் காத்திருக்கிறார். டாம் வாட்சனின் பந்து கிரீனுக்கு வெளியே அடர்ந்த புல்லில் கிடக்கிறது, இருவரும் சம நிலை. குழிக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார் என்கிறார் அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடி புரூஸ் எட்வர்ட்ஸ். பக்கத்தில் என்ன, உள்ளேயே போடுகிறேன் என்கிறார் வாட்சன். போட்டார். போட்டுவிட்டுக் கேடியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே ஓடினார், சொன்னேனா இல்லையா என்பதுபோல. அந்த ஓட்டத்தில் தெரிவது மகிழ்ச்சியைவிடப் பிடிவாதம்.

2005 மாஸ்டர்ஸில் 16ஆம் குழியில் டைகர் உட்ஸ் கிரீனுக்கு வெளியிலிருந்து அடித்த சிப் என்ற குட்டை அடியையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பந்து குழியின் விளிம்பில் வந்து நின்று, ஒரு கணம் யோசித்து, பிறகு விழுந்ததை எல்லோரும் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது தொடக்கத்தை. குழி ஒரு பக்கம் இருக்க, அவர் பல அடி தள்ளி மேட்டில் ஓரிடத்தைப் பார்த்து அடிக்கிறார். பந்து அங்கே போய் வேகம் குறைந்து, ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பி, சரிவில் இறங்குகிறது. அந்த வழி புல்லில் எங்கும் வரைந்திருக்கவில்லை. அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. (விளிம்பில் நிற்கும் பந்துக்குக் காத்திருக்க விதி அனுமதிப்பது குழியை அடைந்தபின் பத்து விநாடி. அதற்கு மேல் விழுந்தால் ஓர் அடி தண்டனை. அவருக்கு இரண்டு விநாடிகூடத் தேவைப்படவில்லை.)

இந்த இரண்டும் குழியில் விழுந்தவை. விழாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1949 பிப்ரவரியில் பென் ஹோகனின் காரும் ஒரு பஸ்ஸும் நேருக்கு நேர் மோதின. பிழைத்தாலும் நடப்பாரா என்று சந்தேகப்பட்டார்கள். பதினாறு மாதம் கழித்து மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன். கடைசி நாளில் 36 குழிகள், கட்டுப்போட்ட கால்களோடு. கடைசிக் குழியில் 1 அயர்னால் கிரீனை நோக்கி அடித்தார். ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: வீசி முடித்த மட்டை, சமநிலை குலையாத உடம்பு, இருபுறமும் சுவர் வைத்ததுபோல் கூட்டம். பந்து கிரீனில் குழிக்குத் தொலைவில் போய் நின்றது. இரண்டு புட். பார். மறுநாள் பிளே-ஆஃபில் வென்றார். கோல்ஃபில் எடுத்த மிகப் பிரபலமான புகைப்படம் ஒரு பாருக்கானது.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். ஹோல் இன் ஒன்னுக்கு என்ன மட்டை எடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. தேடியதைச் சொன்னீர்கள், நண்பர்கள் சிரித்ததைச் சொன்னீர்கள். 14ஆம் குழிக்கு வந்ததும் மட்டை, பிடியை இறக்கிய அளவு, பந்து வைத்த இடம், வளைந்த பக்கம், எத்தனை முறை தத்தியது என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். சாரசன் 1973இல் தம் 71ஆம் வயதில் ஸ்காட்லாந்தின் ட்ரூன் மைதானத்தில் 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' என்ற சின்னஞ்சிறு பார் 3 குழியில் ஹோல் இன் ஒன் அடித்தார். மறுநாள் அதே குழியில் பந்து பங்கரில் விழ, அங்கிருந்தே நேராகக் குழிக்குள் போட்டார். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாம் நாள்.

ஹோல் இன் ஒன்னுக்கு நண்பர்களுக்கு விருந்து வைத்துவிடுங்கள், அதிலிருந்து தப்ப முடியாது. ஜப்பானில் இந்தச் செலவுக்கென்றே காப்பீடு எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். அந்தக் கிளை எவ்வளவு உயரத்தில் இருந்தது? பந்து கிடந்தது புல்லிலா, சருகிலா? எனக்குத் தெரிந்தவரை சருகிலிருந்து 4 அயர்ன் அவ்வளவு எளிதாக வலப்பக்கம் வளையாது.

அன்புடன்.