வாசகர் கேள்வி: சைனாடவுனுக்குள் மாரியம்மன் கோவில் வந்தது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். சைனாடவுனில் மாரியம்மன் கோவில் இருக்கிறதாமே, சீனர்கள் பகுதியில் நம் கோவில் எப்படி? அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: சீனர்களுக்கென்று ஆங்கிலேயர் ஒதுக்கிய பகுதிதான், ஆனால் அங்கே சீனர்கள் மட்டும் வாழவில்லை. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுப்பிய கோவில் அது. கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது, அடுத்தது டெம்பிள் ஸ்ட்ரீட், அதே வரிசையில் நம் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசலால் மாஸ்க் ஸ்ட்ரீட். சைனாடவுனின் மூன்று தெருக்களுக்குத் தமிழர்கள் எழுப்பிய கட்டடங்களால் பெயர், இதைக் குழந்தைகளிடம் அங்கேயே நின்று சொல்லுங்கள். அந்தப் பகுதிக்கு மலாய்க்காரர் வைத்த பெயர் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி, மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்ததால் அப்படி. சீனத்திலும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள்.

அப்புறம், கடைவீடுகள். கடைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பாதியைத் தவறவிடுவீர்கள், எதிர்ப்பக்கம் போய் நின்று மேல்மாடியைப் பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், கீழே கடை, மேலே வீடு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கச்சுவர், அதில் ஜன்னல் வைக்க வழியில்லை என்பதால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் திறந்த முற்றம். பழைய வீடுகள் இரண்டு மாடியோடு எளிமையாக இருக்கும், பிறகு வந்தவற்றில் பூவேலைப்பாடும் வண்ண ஓடும் நிறையும், 1930-களை ஒட்டியவற்றில் நேர்கோடுகளும் வடிவங்களும் மட்டும். வாசலுக்கு முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்க விட்டிருக்கும் நடைபாதைக்கு நம் ஆட்கள் அஞ்சடி என்பார்கள். 1822 நகரத் திட்டத்திலேயே அதைக் கட்டாயமாக்கினார்கள்.

தெலோக் ஆயர் தெருவில் தியான் ஹாக் கெங் கோவிலை விட்டுவிடாதீர்கள். கடல் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்த ஹொக்கியன் மக்கள் (சீனாவின் ஃபூஜியன் பகுதியினர்) கடல் தேவதை மாசுவுக்கு 1839-இல் தொடங்கி 1842-இல் முடித்தது. அன்று அது கடற்கரையில் இருந்தது, கடலைத் தூர்த்த பிறகு இன்று அலை எங்கேயோ. அதே தெருவில் சற்றுத் தள்ளி நாகூர் தர்கா, அதுவும் கடலில் வந்தவர்களின் நன்றிதான்.

கேள்வி: பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்களே, இதைப் பழமை என்று சொல்லலாமா?

பதில்: கட்டடம் பழையதுதான். 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருக்காவிட்டால் இவை மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம், அந்த வேலைக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் ஒரே மாடியைப் பலகையால் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது, அவர்கள் அரசாங்க அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள், வண்ணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது. சேகோ லேன் என்ற சந்தில், சாகும் தறுவாயில் இருந்த ஏழைகள் கடைசி நாட்களைக் கழித்த வீடுகள் இருந்தன, 1961-இல் தடை செய்தார்கள். அங்கே போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.