ஏழாவது நிமிடத்தில் எழுந்து போனவருக்கு

அன்புள்ள சார்,

ப்ராக்ரசிவ் ராக் என்கிற அந்த நீளமான, சிக்கலான ராக் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். ஏழு நிமிடம் தாக்குப்பிடித்தேன். ஒரே இரைச்சல், வரிகளும் பிடிபடவில்லை. இது மேட்டுக்குடி இசை என்கிறான் நண்பன். அந்தக் காலத்தில் இதற்குள் எப்படித்தான் வந்தார்கள்? எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

மேட்டுக்குடி சமாச்சாரத்தை விடுங்கள். புரியாத எதன்மேலும் குத்துவதற்கென்றே சிலர் அந்த முத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். வரிகள் புரியாததும் பெரிய விஷயமில்லை. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பம் (1971) சொந்த நாடான பிரிட்டனில் விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. இத்தாலியில் முதலிடம். வாங்கிய இத்தாலியர்கள் எல்லோரும் ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவர்களா என்ன?

ஏழு நிமிடம் என்கிறீர்களே, எரிச்சல் அங்கேதான் வருகிறது. முதல் பாட்டு ஏழேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசியில் எல்லா வாத்தியங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழுந்து, சட்டென்று நிற்கும். உடனே அடுத்த பாட்டு, இயன் மெக்டொனால்டின் புல்லாங்குழல். அவ்வளவு சாந்தமான குழல். அவர் அதை உதட்டுக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து நீங்கள் எழுந்து போயிருக்கிறீர்கள்!

சரி, எப்படி வந்தார்கள்? பலர் தற்செயலாகத்தான். 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடியது. அவர்களுக்கு முன்னால் வாசித்த குழுக்களில் கிங் கிரிம்ஸனும் ஒன்று. ஆல்பமே அக்டோபரில்தான் வந்தது. லண்டன் போக முடியாத பையன்களுக்கு ஐலண்ட் இசைத்தட்டு கம்பெனி, பலருடைய பாட்டுகளையும் சேர்த்து ‘நைஸ் இனஃப் டு ஈட்’ என்றொரு கதம்ப ரெக்கார்டு போட்டது. 14 ஷில்லிங் 6 பென்ஸ். முழு ஆல்பத்தின் விலையில் பாதிகூட இல்லை. பாடகர் நிக் டிரேக்கின் முணுமுணுப்பும் அதில் உண்டு, உங்களை விரட்டிய அதே பாட்டும் உண்டு. ட்ராஃபிக் குழுவுக்காக வாங்கியவன் தலையிலும் இது வந்து விழுந்தது. பிடிக்கவில்லை என்றால் எழுந்துபோய் ரெக்கார்டு ப்ளேயரின் முள்ளைத் தூக்கி வைக்க வேண்டும், கீறல் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. சோம்பலில் பாதி, பயத்தில் பாதி, அப்படியே கேட்டான். நாலு முறை கேட்டதும் பிடித்துப்போனது. வேறொருவர் அடுக்கிய வரிசை, தாண்டிப் போக வழியில்லாத கருவி. உங்கள் யூடியூபில் இரண்டுமே கிடையாது. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததையே அது திரும்பத் திரும்ப எடுத்து நீட்டும், ஓடவும் விடும்.

எனக்கு முள்ளுக்குப் பதில் விடுதியில் ஒரு சீனியரின் கை. அதே ஆல்பம், யாரிடமோ பதிந்து வாங்கிய கேசட். அதில் ‘மூன்சைல்டு’ என்ற பாட்டு பன்னிரண்டு நிமிடம். பாடுகிற பகுதி இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் வைப்ரபோனில் ஒரு சொட்டு, கிடாரில் ஒரு சொட்டு, சிம்பலில் ஓர் உரசல். கேசட்டின் உஸ்ஸுக்கும் ஃபேனின் கிறீச்சுக்கும் நடுவே அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஓட்டிவிடலாம் என்று யாராவது கையை நீட்டினால், பட்டன்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டு “கையை எடுடா” என்பார். முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பத்து நிமிடத்தை வெட்டி எறிந்திருக்கலாம் என்று இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டட்டும். அதைக் கடந்து வந்தவன் காதில்தான் அடுத்த பாட்டின் மெலோட்ரான் என்ற கீபோர்டு அப்படி வந்து மோதும்.

பட்டியல் தர மாட்டேன். அந்த மேட்டுக்குடி நண்பரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள். ஆல்பத்தைப் போட்டுவிட்டு ஃபோனை அவரிடம் கொடுங்கள். 44 நிமிடம் கழித்துத்தான் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கெஞ்சினாலும் தரக்கூடாது.