டிராகன் கோட்டையை எரிக்கும், வம்சத்தை அல்ல

கே: ‘வெண்பவளத் தீவு’ என்ற கற்பனை நாட்டை வைத்து ஒரு மாயாஜால நாவல் எழுதியிருக்கிறேன். முந்நூறு ஆண்டுகள் ஆண்ட அரச வம்சத்தைக் கடைசி அத்தியாயத்தில் எதிரியின் டிராகன் ஒரே இரவில் சாம்பலாக்குகிறது. படித்த தோழிகள் ‘நம்பும்படி இல்லை’ என்கிறார்கள். டிராகனை நம்புகிறவர்கள் இதை ஏன் நம்ப மறுக்கிறார்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

ப: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நான் உங்கள் தோழிகள் கட்சி. நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் ராஜா இருக்கிறார், இளவரசி இருக்கிறாள், டிராகன் இருக்கிறது. மருந்துக்குக்கூட ஒரு மந்திரி இல்லை. முந்நூறு ஆண்டுகள் வரி வசூலித்தது யார், நெல்லை அளந்தது யார், ராஜாவின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது யார்? அவர்கள் கைவிட்டால்தான் வம்சம் விழும்.

இலங்கையின் கண்டி ராஜ்ஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1739-ல் அரசர் வாரிசின்றி இறந்தபோது, அவருடைய பட்டத்து ராணியின் சகோதரர் அரியணை ஏறினார். தென்னிந்திய நாயக்கர் குடும்பம். அந்த வரிசையில் நான்காமவரும் கடைசி அரசரும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798-ல் அந்தப் பதினெட்டு வயதுப் பையனை அரியணையில் உட்கார வைத்தவர் பிலிமத்தலாவ என்ற முதலமைச்சர். அங்கே அந்தப் பதவிக்கு ‘அதிகாரம்’ என்று பெயர். பையன் பொம்மையாக இருப்பான், கயிறு நம் கையில் இருக்கும் என்பது அவர் கணக்கு. பொம்மைக்கோ ஆளத் தெரிந்திருந்தது. கடைசியில் அரசருக்கு எதிராகச் சதி செய்தார் என்று பிலிமத்தலாவயின் தலையே உருண்டது.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. 1803-ல் ஆங்கிலேயர் படை கண்டிக்குள் நுழைந்து, முத்துசாமி என்று வேறொருவருக்கு முடிசூட்டியது. என்ன ஆயிற்று? காய்ச்சலும் பட்டினியும் படையை அரித்தன. எஞ்சிய சிப்பாய்கள் சரணடைந்து, பிறகு வெட்டுப்பட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1815 பிப்ரவரியில், அதே ஆங்கிலேயர் அதே மலைப் பாதையில் ஏறி வந்தார்கள். இந்தத் தடவை சண்டை என்று சொல்லும்படி எதுவுமே நடக்கவில்லை. மலை மாறவில்லை, காடு மாறவில்லை, அரசரும் மாறவில்லை. பிரதானிகள் மாறியிருந்தார்கள்.

ஏன் மாறினார்கள்? இன்று சுற்றுலா போகிறவர்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கண்டி ஏரியைக் கட்டாய ஊழியத்தால்தான் அரசர் வெட்டினார். அந்தப் புகைச்சல் ஒரு பக்கம். பிலிமத்தலாவவுக்குப் பின் அதிகாரம் ஆன எகெலப்பொல 1814-ல் கலகம் செய்து ஆங்கிலேயரிடம் தப்பி ஓடினார். அரசர் அவருடைய மனைவி மக்களைக் கொல்லச் செய்தார், குழந்தைகள் உட்பட. அதற்குப் பிறகு அந்த அரசருக்காக வாளெடுக்க எந்தப் பிரதானிக்கு மனம் வரும்? கொழும்பில் ஜான் டாய்லி என்ற அதிகாரி உட்கார்ந்துகொண்டு, கடிதம் கடிதமாக இந்த மனக்கசப்புகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், கண்டியின் டிராகன் அவர்தான்.

பிப்ரவரி 18-ல் அரசர் மலைக்காட்டில் பிடிபட்டார். மார்ச் 2-ல் கண்டி அரண்மனையின் தூண் மண்டபத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தென்னாட்டு வழிவந்த இந்த வம்சத்தின் அரசுரிமை ரத்து என்பது அதன் சரத்துகளில் ஒன்று. அந்தத் தாளில் கையெழுத்திட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்! இதை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால், ‘ரொம்ப ஜோடனை’ என்று நானே அடித்திருப்பேன்.

எகெலப்பொலவுக்கு முடி கிடைக்கவில்லை. பின்னாளில் ஆங்கிலேயர் அவரை மொரீஷியஸுக்கு நாடு கடத்தினார்கள். அங்கேயே 1829-ல் இறந்தார்.

உங்கள் நாவலுக்கு வருவோம். டிராகன் இருக்கட்டும். ஆனால் பத்தாவது அத்தியாயத்திலேயே ஒரு மந்திரியைக் கொண்டுவாருங்கள். அந்த டிராகனுக்கு நாளொன்றுக்கு எத்தனை ஆடு வேண்டும், அவை எந்தக் கிராமத்தின் ஆடுகள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரை ராஜா சபையில் ஒரு தடவை அவமானப்படுத்தட்டும். மிச்சக் கதையை அவரே எழுதிவிடுவார்.

கே: கடைசி அரசன் போர்க்களத்தில் வாளோடு சாய்ந்தால்தானே வாசகர் அழுவார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

ப: அழுவார்கள் தம்பி. ஆனால் அந்தக் காட்சியை ஏற்கெனவே நூறு கதையில் படித்து அழுதிருப்பார்கள். ரஷ்யாவில் ரோமனோவ் வம்சம் 1613-ல் தொடங்கியது. 1917-ல் அது முடிந்த இடம், பிஸ்கோவ் ரயில் நிலையத்தில் நின்ற ஒரு ரயில் பெட்டி. போர்முனைத் தளபதிகளிடமிருந்து வரிசையாகத் தந்தி வந்தது; பணிவான வார்த்தைகளில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: விலகிவிடுங்கள். இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறப்புத் தாளில் கையெழுத்திட்டார். பேனாவால் அல்ல, பென்சிலால். முந்நூறு ஆண்டு அரசுக்குப் பென்சில் கையெழுத்து! இதற்கு முன்னால் எந்த வாள் நிற்கும்?

இன்னொன்று. எத்தியோப்பியாவின் ஹைலி செலாசி, சாலமோன் மன்னரின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்ட பேரரசர். நாட்டில் பஞ்சத்தில் மக்கள் மடிந்த படத்தையும் அரண்மனை ஆடம்பரத்தையும் மாற்றி மாற்றி ஒட்டி, அவரைக் கவிழ்க்க நினைத்த ராணுவத்தினர் முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் காட்டினார்கள். மறுநாள், 1974 செப்டம்பர் 12, அவரை அரண்மனையிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது ஒரு சின்ன வோல்க்ஸ்வாகன் ‘பீட்டில்’ கார். நடுத்தரக் குடும்பத்தார் ஓட்டும் வண்டி. உங்கள் அரசனை எந்த வண்டியில் ஏற்றுவது என்று யோசியுங்கள். கட்டை வண்டியா, கழுதையா, வண்ணான் மூட்டை ஏற்றும் படகா?

கே: வம்சம் விழுந்த மறுநாள் அரண்மனையில் என்ன நடக்கும்?
– இல்லத்தரசி, சேலம்

ப: பெரும்பாலும் சமையல் நடக்கும். சீனாவில் 1912 பிப்ரவரி 12-ல் சிங் வம்சம் முடிதுறந்தபோது பேரரசர் பூயிக்கு ஆறு வயது. அறிக்கையை வெளியிட்டவர் பேரரசி லுங்யூ. ஒப்பந்தப்படி பட்டப்பெயர் பிழைத்தது, ஆண்டுக்கு நாற்பது லட்சம் தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி மானியம் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1924 வரை, நாடே இல்லாத பேரரசர் அதே அரண்மனையில் ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள் சூழ வளர்ந்தார். வெளியே குடியரசு, உள்ளே விழுந்து வணங்கல். எந்தக் கற்பனை நாட்டுக்கும் இது பொருந்தும்.

கண்டி அரசரை 1816-ல் நம் வேலூருக்குக் கொண்டுவந்து கோட்டையில் குடும்பத்தோடு வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தார். சேலத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று கேளுங்கள், அவருடைய சமாதியைக் காட்டுவார்கள்.

கே: சோழ வம்சத்தின் கடைசி நாளை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: இல்லை ஐயா. கடைசிச் சோழ அரசர் மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 1279-ஐ ஒட்டி நின்றுபோகின்றன. அதற்குமேல் அந்த மண்ணில் பாண்டியர் கல்வெட்டுகள். கோயில் நிலதானம், விளக்குக்கு ஆடு என்று கணக்கு மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, மேலே அரசன் பெயர் வேறு.