ராணி யாரிடம்? ஏலத்தைக் கேளுங்கள்

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நான்கு ஸ்பேட் ஆட்டம், ஸ்பேட்தான் துருப்பு. என் கையில் துருப்பு ஏஸ், 10, 9, 6, 3. டம்மியில் (மேசையில் விரித்து வைத்த என் கூட்டாளியின் கையில்) ராஜா, ஜாக்கி, 7, 4. எதிரணியின் இடப்பக்கத்தவர் மூன்று ஹார்ட் கேட்டு ஏலத்தைத் தொடங்கியிருந்தார். எங்கள் இரு கைகளிலும் தலா இரண்டு ஹார்ட். ஒன்பது துருப்பு இருந்தால் ராணிக்கு ஃபினெஸ் (அது வலப்பக்கத்தவரிடம் இருக்கும் என்று நம்பி, ஏஸை இறக்காமல் பிடிக்கப் பார்ப்பது) போகக்கூடாது என்ற விதிப்படி ஏஸையும் ராஜாவையும் இறக்கினேன். ராணியோ வலப்பக்கத்தவரிடம் மூன்றாவது சீட்டாக இருந்தது. விதி தவறா?

பதில்: விதி சரிதான், ஆனால் அது ஏலத்தில் எதுவும் தெரியவராத ஆட்டத்துக்கானது. அப்போதும் அதன் பலம் சொற்பம். முதல் சுற்றில் இருவரும் சின்னச் சீட்டு போட்டு, இரண்டாம் சுற்றில் வலப்பக்கத்தவரும் சின்னதே போட்டுவிட்டால் ராணி மட்டும் பாக்கி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டில் போட்டது போக, இடப்பக்கத்தவர் கையில் தெரியாத இடம் 12, வலப்பக்கத்தில் 11. ராணி விழ 52 சதவீதம், ஃபினெஸுக்கு 48. இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை நம்பி, மூன்று ஹார்ட் என்ற உரத்த குரலைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டீர்கள்.

மூன்று ஹார்ட் என்று ஏலம் கேட்பவரிடம் வழக்கமாக ஏழு ஹார்ட் இருக்கும். உங்களிடம் நான்கு, வலப்பக்கத்தவருக்கு இரண்டுதான். இப்போது எண்ணுங்கள்: இடப்பக்கத்தில் ஏழு ஹார்ட், ஒரு துருப்பு போக மீதி 5 இடம். வலப்பக்கத்தில் இரண்டு ஹார்ட், இரண்டு துருப்பு போக 9. ராணி வலப்பக்கம் இருக்க 14-க்கு 9, அதாவது 64 சதவீதம். டம்மியின் ராஜாவை முதலில் எடுத்து, அங்கிருந்தே ஜாக்கியை விட்டிருக்க வேண்டும். அவர் ஆறு ஹார்ட்டை வைத்துக்கொண்டே துணிந்து கேட்டிருந்தாலும் கணக்கு 14-க்கு 8, அப்போதும் ஃபினெஸ்தான்.

எல்லா ஏலத்துக்கும் ஒரே மதிப்பு கொடுத்துவிடாதீர்கள். முதல் இருவரும் பாஸ் சொன்னபின் மூன்றாவது இடத்திலிருந்து வரும் ஏலத்தில் பாதி விளையாட்டுத்தனம். கணக்கில் 68-க்கு 32 என்று பெரிய இடைவெளி இருந்தால் அந்த மாதிரிக் குறிப்பை நம்பிப் பாதையை மாற்ற மாட்டேன்.

கேட்டதைப் போலவே கேட்காததும் பேசும். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த இடம். ஏலத்தின் முதல் வாய்ப்பிலேயே பாஸ் சொன்ன வலப்பக்கத்தவர், ஆட்டத்தின் நடுவில் ஓர் ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி காட்டிவிட்டார் என்று வையுங்கள். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று பத்துப் புள்ளி. பத்துச் சீட்டு கொண்ட துருப்பில் உங்களுக்கு ஏஸும் ராணியும் கையில், ராஜா வெளியே. அதுவும் அவரிடம் இருந்தால் பதின்மூன்று. அவ்வளவு புள்ளியோடு பாஸ் சொல்லியிருக்க மாட்டார். ஃபினெஸுக்கு ஏட்டில் 50 சதவீதம். இந்த மேசையில் ஏறக்குறைய பூஜ்யம். ஏஸை இறக்கி, இடப்பக்கத்தவரிடம் ராஜா தனிச் சீட்டாக இருந்து விழுகிறதா என்று பாருங்கள். அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.